‘லிங்கன்’ படத்தில் அடிமைகள் எங்கே?

தென்கரை வாசகி:
ஸ்பீல்பெர்க்கின் ‘லிங்கன்’ (2012) படத்தை மறுபடி பார்த்தேன். ஜனாதிபதி லிங்கனாக வரும் டேனியல் டே லூயிஸின் நடிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் படத்தின் மையத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்காவில் அடிமை முறையை ஒழித்த 13ஆவது சட்டத்திருத்தம் 1865 ஜனவரியில் பிரதிநிதிகள் சபையில் எப்படி நிறைவேறியது என்பதுதான் கதை. இரண்டரை மணி நேரமும் வெள்ளையர்கள் வெள்ளையர்களிடமே பேசுகிறார்கள், கெஞ்சுகிறார்கள், பதவி ஆசை காட்டி ஓட்டுச் சேர்க்கிறார்கள். யாருக்கு விடுதலையோ அவர்கள் கதவோரம் நிற்கிறார்கள், பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அடிமையாக இருந்து தப்பி, அடிமை ஒழிப்பின் பெருங்குரலான ஃபிரெடரிக் டக்ளஸ் ஒரு காட்சியில்கூட இல்லை.

மணிமாறன்:
வாசகி, படம் எடுத்துக்கொண்டது ஒரு சட்டத்தை. அந்தச் சட்டம் ஏன் தேவைப்பட்டது என்பதைப் பாருங்கள். 1863 ஜனவரி 1 விடுதலைப் பிரகடனம் உள்நாட்டுப் போரின்போது லிங்கன் போர்க்கால அதிகாரத்தில் போட்டது. பிரிந்துபோய்க் கிளர்ச்சி செய்த தென்பகுதிகளுக்கு மட்டும்தான் அது பொருந்தும். கென்டக்கி, டெலவேர் போல ஒன்றியத்தோடு, அதாவது லிங்கன் அரசின் பக்கம், நின்ற மாநிலங்களில் அடிமைகள் அடிமைகளாகவே இருந்தார்கள். போர் முடிந்தபின் நீதிமன்றம் அதைச் செல்லாது என்று சொல்லிவிடுமோ என்ற அச்சமும் இருந்தது. லிங்கன் தன் அமைச்சர்களிடம் இதை நீளமாக விளக்கும் காட்சி எனக்கு மிகவும் பிடித்தது.

செனட் 1864 ஏப்ரலில் 38க்கு 6 என்று ஒப்புக்கொண்டது. ஜூனில் பிரதிநிதிகள் சபையில் 93க்கு 65. திருத்தத்துக்கு வேண்டிய மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காமல் தோற்றது. நவம்பர் தேர்தலில் லிங்கன் கட்சி பெரிதாக ஜெயித்தும் அவர் புதிய சபைக்காகக் காத்திருக்கவில்லை. பழைய சபையிலேயே எதிர்க்கட்சி ஓட்டுகளைத் தேடினார். 1865 ஜனவரி 31 அன்று 119க்கு 56. கணக்குப் போட்டுப் பாருங்கள், மூன்றே பேர் அந்தப் பக்கம் மாறியிருந்தால் சட்டம் தோற்றிருக்கும். அந்த மூன்று பேரை யார் பிடித்து வைத்தார்கள், எப்படி என்பது சின்ன விஷயமா? அரசியலைச் சாக்கடை என்று ஒதுங்கிப்போகிற எல்லோரும் பார்க்க வேண்டிய படம் இது.

சேந்தன்:
வாசகி அக்கா சொல்வது ஒருபுறம் இருக்கட்டும். நடந்த ஓட்டையே படம் மாற்றிவிட்டதே! கனெக்டிகட் உறுப்பினர்கள் இருவர் எதிர்த்து ஓட்டளிப்பதாக வருகிறது. உண்மையில் அந்த மாநிலத்தின் நான்கு பேரும் ஆதரித்தார்கள். ஓட்டெடுப்பையே உச்சக்கட்டமாக வைத்த படம் ஓட்டையாவது சரியாகக் காட்ட வேண்டும்.

மணிமாறன்:
அது தேவையில்லாத மாற்றம்தான் தம்பி. அதற்காகப் படத்தையே தள்ள முடியாது.

தென்கரை வாசகி:
கனெக்டிகட் எனக்குப் பெரிதில்லை. நான் கேட்பது வேறு. மணிமாறன் சொல்லும் அந்த 119 ஓட்டு எப்படி வந்தது?

1861 மே மாதம், போர் தொடங்கிச் சில வாரம்தான் ஆகிறது. வர்ஜீனியாவில் பேக்கர், மலோரி, டவுன்சென்ட் என்ற மூன்று அடிமைகள் இரவில் படகேறி ஒன்றியப் படையின் மன்ரோ கோட்டைக்குத் தப்பி வந்தார்கள். உரிமையாளர் ஆளனுப்பிக் கேட்டபோது தளபதி பட்லர் திருப்பித் தர மறுத்தார். செய்தி பரவியது. குடும்பம் குடும்பமாக ஆயிரக்கணக்கானோர் கிளம்பி வந்தார்கள். வாஷிங்டன் இவர்களை என்ன செய்வது என்று யோசித்து முடிப்பதற்குள் இவர்கள் தோட்டங்களைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். பிறகு ஏறத்தாழ 1,80,000 கறுப்பர்கள் ஒன்றியத் தரைப்படையில் சேர்ந்தார்கள். 1864 பிப்ரவரியில், திருத்தம் கேட்டுப் பெண்கள் அமைப்பு ஒன்று திரட்டிய ஒரு லட்சம் கையெழுத்துகளை உயரமான இரண்டு கறுப்பர்கள் செனட்டுக்குள் சுமந்து வந்து, அடிமை முறையை எதிர்த்த செனட்டர் சம்னரின் மேசையில் வைத்தார்கள். கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டிய காட்சி! எந்த இயக்குநரும் விடலாமா?

இருக்கிற பாத்திரங்களையாவது ஒழுங்காகக் காட்டினார்களா? எலிசபெத் கெக்லி 1,200 டாலர் கொடுத்துத் தன்னையும் மகனையும் மீட்டுக்கொண்டவர். தப்பி வந்த மக்களுக்காக 1862இல் வாஷிங்டனில் நிவாரணச் சங்கம் தொடங்கியவர். படத்தில் அவர் லிங்கனின் மனைவிக்குத் துணையாக உட்கார்ந்திருக்கும் தையல்காரர். வெள்ளை மாளிகைப் பணியாளர் வில்லியம் ஸ்லேட் நகரத்தின் கறுப்பர் அமைப்புகளில் தலைவராக இருந்தவர். படத்தில் கையுறை நீட்டுகிறார்.

மணிமாறன்:
கெக்லிக்கு அது மட்டும்தானா காட்சி? மாளிகை வாசலில், தன் மகன் போரில் செத்தான், நான் அவன் தாய், நாட்டுக்கு நான் அதுதான் என்று லிங்கனிடமே சொல்கிறாரே. முதல் காட்சியில் ஒரு கறுப்பு வீரன் ஜனாதிபதியை நேருக்கு நேர் நிறுத்தி, சம்பளத்தில் ஏன் பாகுபாடு, எங்களில் அதிகாரிகள் எப்போது வருவார்கள் என்று கேட்கிறான். படம் அந்தக் கேள்வியோடுதான் ஆரம்பிக்கிறது.

தப்பி ஓடியவர்கள் அடிமை முறையை உடைத்தார்கள், சரி. உடைந்ததை மறுபடி ஒட்டவிடாமல் செய்ய அரசியல் சாசனம் வேண்டியிருந்தது. வாழ்நாளெல்லாம் முழுச் சமத்துவம் பேசிய பிரதிநிதிகள் சபை உறுப்பினர் தாடியஸ் ஸ்டீவன்ஸ், சபையில் எழுந்து, நான் கேட்பது சட்டத்தின் முன் சமத்துவம் மட்டுமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டு சொல்கிறாரே, டாமி லீ ஜோன்ஸ் அந்த இடத்தில் என்னமாய் நடித்திருக்கிறார்! கொள்கைக்காரன் கொள்கையைக் காப்பாற்றவே ஒரு அடி பின்வாங்குகிறான். இதை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன படம் வேறு எனக்குத் தெரிந்து இல்லை.

அகிலா:
இந்தப் படத்தால் நடந்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்கிறேன். சட்டத்திருத்தத்தை மாநிலங்களும் ஏற்க வேண்டும். மிசிசிப்பி மாநிலம் இந்தத் திருத்தத்தை 1995இல்தான் ஏற்றது, அதையும் முறைப்படி மத்திய அரசுக்கு அனுப்பாமல் விட்டிருந்தது. படம் பார்த்த ஒரு பேராசிரியர், இந்தியாவிலிருந்து போய்க் குடியேறியவர், எந்தெந்த மாநிலம் எப்போது ஏற்றது என்று தேடியதில் விஷயம் வெளிவந்தது. 2013 பிப்ரவரியில் அது முறைப்படி பதிவானது. நல்ல படம் இப்படித்தான் வேலை செய்யும்.

தென்கரை வாசகி:
மிசிசிப்பி விஷயத்தில் எனக்கும் மகிழ்ச்சிதான் அகிலா. ஆனால் திருத்தத்தின் வாசகத்தை இந்தப் படம் என்ன செய்தது என்று பாருங்கள். ஓட்டெடுப்பு முடிந்த இரவு, ஸ்டீவன்ஸுடன் வாழும் லிடியா ஸ்மித் அதைப் படுக்கையில் உரக்க வாசிக்கிறார். ‘குற்றத்துக்குத் தண்டனையாக அன்றி’ என்ற விதிவிலக்கும் அதில் வருகிறது. வெற்றியின் பெருமிதத்தில் அது அப்படியே கடந்துபோகிறது. தென்மாநிலங்கள் அந்த விதிவிலக்குக்குள் எதைக் கொண்டுவந்தன? வேலையில்லாமல் திரிந்தான் என்று கறுப்பர்களைப் பிடித்து, கைதிகளாக்கி, சுரங்கங்களுக்கும் தோட்டங்களுக்கும் வாடகைக்கு விட்டார்கள். அலபாமாவில் அது 1928 வரை நடந்தது.

மணிமாறன்:
அந்த விதிவிலக்கு, வடமேற்குப் பகுதியில் அடிமை முறையைத் தடுத்த 1787 வடமேற்குச் சட்டத்திலிருந்து அப்படியே எடுத்தது. சட்டத்தின் முன் சமத்துவம் என்று எழுதச் சொல்லி சம்னர் செனட்டில் வாதாடினார், கேட்கவில்லை. அதே ஸ்டீவன்ஸ் அடுத்த ஆண்டே, குடியுரிமையும் சட்டத்தின் சம பாதுகாப்பும் தரும் 14ஆவது திருத்தத்துக்காகச் சபையில் நின்றார். ஜனவரி 31 அன்று முழுதாக வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்திருந்தால் கிடைத்ததும் போயிருக்கும்.

தென்கரை வாசகி:
ஸ்டீவன்ஸ் விட்டுக்கொடுத்ததை நான் குறை சொல்லவில்லை. 1865இல் அவருக்கு ஓட்டு வேண்டியிருந்தது. 2012இல் ஸ்பீல்பெர்க்குக்கு யாருடைய ஓட்டும் வேண்டியிருக்கவில்லை. அவர் ஏன் விட்டுக்கொடுத்தார் என்பதுதான் என் கேள்வி.