பொள்ளாச்சியிலிருந்து டோக்கெலாவுக்குப் போக வழி என்னங்க?

பாலாற்றங்கரை:
ஏனுங்க, பசிபிக் கடல்ல இருக்கற பாலினேசியாவுல விமானமே இறங்காத தீவு ஒண்ணுக்குப் போகோணும். ரிசார்ட் வேண்டாம், அங்கத்த சனம் எப்படிப் பொழைக்குதுன்னு பாக்கோணும். கையில 3 வாரம், சாப்பாடு சைவம். டோக்கெலாவ், மார்க்கேசாஸ் ரெண்டுல எது தோது?

நொய்யல்:
மார்க்கேசாஸ்ல நுக்கு ஹிவா, ஹிவா ஓவா ரெண்டுலயும் விமானம் இறங்குதுங்க, உங்க கணக்குக்குச் சேராது. தாஹிட்டித் தீவுல இருக்கற பப்பீட்டேயில இருந்து அரானுயிங்கற சரக்குக் கப்பல்ல பயணிகளும் போலாம், சுமார் 12 நாள் சுத்து. ஆனா செலவு எகிறும். இன்னொண்ணு, மார்க்கேசாஸ் சேர்ந்த பிரெஞ்சுப் பாலினேசியா, ஷெங்கன்கற ஐரோப்பாப் பொது விசா வட்டத்துக்கு வெளியே. வெறும் ஷெங்கன் விசாவோட கிளம்பினா ஏத்த மாட்டாங்க. அந்த இடத்துக்குச் செல்லும்னு விசாவுலயே எழுதியிருக்கோணும்.

டோக்கெலாவுக்குக் கோவை, சிங்கப்பூர், ஃபிஜியில நாடி, சமோவாவுல ஆப்பியா. ஃபிஜி, சமோவா ரெண்டுக்கும் முன்கூட்டி விசா வேண்டியதில்லை. ஆக்லாந்து வழியா டிக்கெட் மலிவாத் தெரியலாம். ஆனா அங்க விமானம் மாத்தறதுக்கே டிரான்சிட் விசா வேணும். சிட்னியும் அப்படித்தான்.

ஆப்பியாவுல இருக்கற டோக்கெலாவ் தொடர்பு அலுவலகத்துக்கு முதல்ல எழுதுங்க. எந்தத் தீவுக்குப் போறீங்களோ (அட்டாஃபு, நுக்குனோனு, ஃபக்காவோஃபோ, மொத்தமே மூணுதான்) அந்த ஊர்ச் சபை சம்மதிக்கோணும். தங்க இடமும் திரும்பற கப்பல் டிக்கெட்டும் கேப்பாங்க. இதெல்லாம் கைக்கு வந்தப்பறம் விமான டிக்கெட் போடுங்க, தலைகீழாச் செஞ்சா பணம் போச்சு.

ஆப்பியாவுல இருந்து சுமார் 500 கி.மீ., கப்பல்ல ஒரு நாளுக்கு மேல ஆகும். வழக்கமா ரெண்டு வாரத்துக்கு ஒருக்காத்தான் போகும். துறைமுகம் இல்லை, பவளத்திட்டுக்கு வெளியே நிறுத்தி, சின்னப் படகுல கரை சேப்பாங்க. அலை பெருசா இருந்தா இறக்கறது தள்ளிப் போகும். அதனால திரும்பற விமானத்துக்கு முன்னால ஆப்பியாவுல 5 நாளாச்சும் சும்மா விட்டு வைங்க. 3 வாரம் இறுக்கந்தான், 4 வாரம்னா நிம்மதி. டோக்கெலாவுல ஏடிஎம் கிடையாது, நியூசிலாந்து டாலர் நோட்டாக் கொண்டு போகோணும்.

தெளுவுக்காரன்:
டோக்கெலாவில் சைவத்துக்குத் தேங்காய், ஈரப்பலா, கிழங்கு, அரிசி கிடைக்கும். மணல் மண்ணு, காய்கறி அபூர்வம். சமோவாவில் பலுசாமி சாப்பிடலாம்: சேம்பிலையில் தேங்காய்ப்பாலும் வெங்காயமும் மடிச்சுச் சூட்டுக்கல் அடுப்பில் வேக வைப்பது. சில வீட்டில் டின் மாட்டிறைச்சியும் சேர்ப்பார்கள், முன்னாடியே கேளுங்க. இலை அரைவேக்காடா இருந்தா தொண்டை அரிக்கும். கூட வர்றவங்க மீன் சாப்பிட்டா, பவளத்திட்டு மீனை ஊர்க்காரங்க சரின்னு சொன்னப்புறம் தொடட்டும். சிகுவாட்டெரா நஞ்சு வேக வெச்சாலும் போகாது.

டோக்கெலாவில் தவற விடக்கூடாதது இனாட்டி. ஊரே சேர்ந்து பிடிச்ச மீனை நடுவில் குவிச்சு, வீட்டில் எத்தனை பேர்னு கணக்குப் பார்த்துப் பங்கு பிரிப்பாங்க. உங்களுக்கும் பங்கு வந்தா வேண்டாம்னு தள்ளாதீங்க, வாங்கித் தங்கியிருக்கற வீட்டில் கொடுத்துடுங்க. அங்கே குடிக்கற கலேவே நம்ம தெளுவுக்குப் (பதநீர்) பங்காளி, தென்னம்பாளையைச் சீவி இறக்கறதுதான்.

ஊருக்குள் தோளும் முட்டியும் மூடியிருக்கணும். ஞாயிறு அன்று மீன்பிடிப்பு, கடல் குளியல், வேலை எதுவும் இல்லை. உட்காரும்போது காலைப் பெரியவங்க பக்கம் நீட்டாம சம்மணம் போடுங்க.

ஆனைமலை:
தோப்புல போட்ட செருப்பைத் தேய்ச்சுக் கழுவிட்டுப் போங்க. தேங்காய், விதை, கருவேப்பிலை, ஊறுகாய் எதுவானாலும் இறங்கற படிவத்துல எழுதிடுங்க. சோதனை கடுமைங்க, காரணமும் இருக்கு: நம்ம தென்னையைக் குடையற அதே காண்டாமிருக வண்டு, 1909ல இலங்கையில இருந்து போன ரப்பர் நாத்தோட சமோவாவுக்குள்ள நுழைஞ்சு, அப்படியே பசிபிக்ல தீவு தீவாப் பரவிடுச்சு.