மவுஸ்ஸாக்கலை டேம் கரையில் கூடாரம் அடிக்கலாமா?

கோண்டாவில் பெடியன்:
பங்குனி கடைசியில் நான்கு நாள் லீவு. நாங்கள் ஐந்து பேர். மலை என்ற பெயரில் இதுவரை கண்டது கீரிமலைதான், அங்கே கேணி இருக்கிறது, மலையைக் காணோம். நுவரெலியா வேண்டாம், கிரகரி வாவியைச் சுற்றி ஒரே சனம். மஸ்கெலியாவில் நீர்த்தேக்கக் கரையோரம் நடந்து, ஓர் இரவு கூடாரத்தில் தங்க யோசனை. சொந்த வாகனம் இல்லை. போனவர்கள் சொல்லுங்கள்.

சுன்னாகத்தான்:
கொழும்பு வரை போய்த் திரும்ப வேண்டாம். யாழ்ப்பாண ரயிலில் வந்து பொல்காவலையில் இறங்கிப் பதுளை ரயிலைப் பிடித்தால் அட்டன். அங்கிருந்து மஸ்கெலியாவுக்கு பஸ். மலைநாட்டுப் பாதை மண்சரிவில் அடிக்கடி நிற்கும், ரயில் ஓடுகிறதா என்று முதலே கேளுங்கள்.

மானிப்பாய் மருமகள்:
தம்பி, நான் மஸ்கெலியாவில் பிறந்தவள், கலியாணம் கட்டி இங்கே வந்தேன். நீங்கள் கேட்கும் இடம் எங்களுக்கு வெறும் 'டேம்'. 1969இல் அதைக் கட்டியபோது பழைய மஸ்கெலியா டவுன் தண்ணீருக்குள் போனது. மழை இல்லாத மாதங்களில் தண்ணீர் வற்றினால் பழைய கோயில் தலை காட்டும். அப்பாயி கரையில் நின்று, இங்கேதான் கடைத்தெரு, இங்கேதான் தேர் திரும்பும் என்று கை நீட்டிக் காட்டுவார். நாங்கள் பார்த்தால் சேறுதான்.

அந்தச் சேற்றில் மட்டும் கூடாரம் அடிக்காதீர்கள். மேலே காய்ந்து வெடித்திருக்கும், கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கும். என் தம்பியின் செருப்பு ஒன்று இன்னும் அதற்குள்தான் கிடக்கிறது. இரவில் மழை பெய்தால் தண்ணீரும் ஏறும்.

மேட்டில் அடிக்கலாம், ஆனால் அது தேயிலைத் தோட்டக் காணி. உங்கள் ஊர் வெங்காயத் தோட்டம் மாதிரி வரம்பில் நின்று ஒரு குரல் கொடுத்தால் போதாது. பகலிலேயே தோட்ட ஆபீஸில் அனுமதி கேளுங்கள், இல்லாவிட்டால் நடுச்சாமத்தில் வாச்சர் வந்து எழுப்புவார். தொழிலாளர் குடியிருக்கும் லயன் பக்கத்தில் பாட்டுப் பெட்டி வேண்டாம், விடிய வேலைக்குப் பெயர் கொடுக்கப் பிரட்டுக்குப் போகிற சனம்.

பின்னேரமே மூட்டம் இறங்கிவிடும், அதற்குள் நடையை முடியுங்கள். மூட்டம் விலகினால் எதிரே சிவனொளிபாத மலை. மார்கழிப் போயாவிலிருந்து (பௌர்ணமி) வைகாசிப் போயா வரை யாத்திரைச் சீசன், இரவில் ஏறுபாதை விளக்குகள் மாலை மாதிரித் தொங்கும். 2,243 மீற்றர். ஏற ஆசை வந்தால் அடிவாரத்து நல்லதண்ணிக்கு பஸ் இருக்கிறது.

கோண்டாவில் பெடியன்:
நன்றி அக்கா. அட்டை கடிக்குமா? குளிருக்கு ஒரு பெட்சீற் போதும்தானே?

மானிப்பாய் மருமகள்:
பெட்சீற்றா! கம்பளி, காலுறை, தொப்பி கொண்டு போங்கள். வெயில் காலத்தில் அட்டை குறைவு, மழை விழுந்தால் வரும். காலில் சவர்க்காரத்தைக் காயக் காயத் தேயுங்கள். கடித்தால் பிய்த்து இழுக்காமல் உப்பு வையுங்கள்.

அப்புறம், போகிற திகதியைச் சொல்லுங்கள். அம்மா வீடு பஸ் நிற்கிற இடத்துக்குக் கிட்டத்தான், இரண்டு குட்டான் (ஓலைப் பெட்டி) பனங்கட்டி தந்துவிட வேண்டும்.