புதுப்பிப்பு: தோட்டத்துக் காட்சியகத்துக்கு ஊர்மக்கள்கிட்ட கருத்து கேக்குறது, வழி கிடைச்சிருச்சு

மலேசியாவுல பஹாவ் பக்கம் எங்க பழைய ஆயாக்கொட்டகையில (தோட்ட வேலைக்குப் போறவங்க பிள்ளைங்கள விட்டுட்டுப் போற எடம்) ரப்பர் தோட்ட வாழ்க்கைய பத்தி சின்ன காட்சியகம் போடுறோம், கூட்டம் போட்டா பெரியவங்க பேசவே மாட்றாங்க, என்ன பண்ணலாம்னு முன்ன கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

வேலைக்கு ஆனது ஒரு அக்கா சொன்ன யோசனைதான். கூட்டமே வேணாம், கோயில்ல பூஜை முடிஞ்சு சாப்பாடு நடக்குற எடத்துல ஒரு மேசை போட்டு பால்வெட்டுற கத்தி, மங்கு (மரத்துல பால் புடிக்கிற கிண்ணம்), காண்டா (வாளிய தோள்ல தூக்குற கம்பு), வாளி, பழைய போட்டோ எல்லாம் பரப்பி வைங்க, பேச்சு தானா வரும்னாங்க. வந்துச்சு! கத்திய கையில வாங்குன பாட்டி ஒருத்தங்க பட்டைய எவ்வளவு ஆழம் சீவணும், அதுக்கு மேல போனா மரம் எப்படி காயப்படும்னு செஞ்சே காட்டுனாங்க, அவங்கள கேட்டுட்டு போன்ல பதிவு பண்ணிக்கிட்டோம்.

நாங்க வருஷ வரிசையில, 1910ல ஒப்பந்தக் கூலி முறை முடிஞ்சது, 1938ல இந்தியா இங்க தோட்டத்துக்கு ஆள் அனுப்புறத நிறுத்துனதுன்னு யோசிச்சிருந்தோம், பெரியவங்க ஒரு நாள் வேலை வரிசைதான் வேணும்னாங்க, இருட்டுல பெரட்டு (பேர் கூப்பிட்டு ஆள் கணக்கு எடுக்குறது), அப்புறம் நிரை (அவங்கவங்களுக்கு வெட்டக் குடுத்த மர வரிசை), பால் நிறுக்குறது, ஒட்டுப்பால் (வெட்டுலயும் மங்குலயும் காஞ்சு ஒட்டிக்கிட்ட பால்). எனக்கும் அதுதான் சரின்னு படுது, வருஷங்கள் ஓரத்துல வருது.

எதிர்பாக்காதது சயாம் மரண ரயில், ஜப்பான்காரன் காலத்துல தோட்டத்து ஆளுங்கள கொண்டுபோய் சயாம்-பர்மா ரயில் பாதை போட வச்சது. நாங்க கேக்கவே இல்ல, 1942-43ல போயி திரும்பாத தாத்தா, மாமா பேரையெல்லாம் அவங்களாவே சொல்லி எழுதிக்கச் சொன்னாங்க. அதுக்கு ஒரு முழு சுவரே ஒதுக்கிட்டோம்.

பின்னாடி தேடி வர்றவங்களுக்கு: பொருள மொத்தமா குடுக்க நிறைய பேருக்கு மனசு வராது, இரவல்னு எழுதி, திருப்பித் தர்ற தேதி போட்டு, கையெழுத்தோட வாங்குங்க.