பழைய ஜிப்ஸியா, டீசல் ஜீப்பா: அந்த 985 கிலோ

டீசல்மணி:
எந்தப் பழைய வண்டி வாங்கலாம் என்று புதுச்சாவி கேட்டதற்கு, நேற்று ஒருவர் இங்கே தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். பழைய வண்டி வாங்கி மலைக்கு ஏற்றபடி மாற்ற வேண்டுமென்றால் மாருதியின் பெட்ரோல் ஜீப்பான ஜிப்ஸிதானாம், எடை 985 கிலோதானாம், மஹிந்திரா டீசல் ஜீப் எல்லாம் பழைய இரும்புக்கடைக்குப் போக வேண்டியதாம். அந்தப் பழைய இரும்புதான் ஐயா, மூணாறு பக்கம் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு விடியற்காலையில் ஆள் ஏற்றிக்கொண்டு போகிறது. அங்கே ஜிப்ஸி எத்தனை பார்த்தீர்?

கொடைக்காற்று:
அந்த ஒருவர் நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். கொழுக்குமலையில் ஓடுவது வாடகை வண்டி. அவர்களுக்கு ஆள் உட்கார இடமும் டீசல் சிக்கனமும் வேண்டும், எனக்கு வேண்டாம். சேற்றில் இறங்கிவிட்டால் எடைதான் பேசும். 985 கிலோ. முன்னும் பின்னும் இரு சக்கரத்தையும் இணைக்கும் முழு ஆக்ஸில், லீஃப் ஸ்பிரிங் என்னும் பட்டை வில், எந்த ஊர்ப் பட்டறையிலும் பிரித்து மாட்டலாம்.

டீசல்மணி:
985 என்பது துணிக்கூரை வண்டிக்கு. தகரக்கூரை என்றால் 1020. உம்மிடம் இருப்பது தகரக்கூரை என்று போன தீபாவளிக்குப் படம் போட்டது நீரே. அதன்மேல் இரும்பு பம்பர், சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச், 235 மி.மீ. அகல டயர், கூரையில் கேரியர். எடை மேடையில் ஒருமுறை ஏற்றிவிட்டு வந்து பேசும்.

புதுச்சாவி:
கேள்வி கேட்டவன் நான். மூன்றரை லட்சம் வைத்திருக்கிறேன். ஏற்காடு பக்கம் சிறு தோட்டம், கடைசி இரண்டு கிலோமீட்டர் மழையில் சேறு. வண்டியின் அடிப்பக்கத்தை எப்படிப் பார்ப்பது என்று யாராவது சொல்லுங்கள்.

பட்டறைக்காரன்:
தம்பி, அடியில் கறுப்புப் பூச்சு புதிதாகப் பளபளத்தால் பயப்படுங்கள். போன மாதம் ஒரு ஜிப்ஸி வந்தது. பின் ஸ்பிரிங் சேஸிஸில், அதாவது அடிச்சட்டத்தில், மாட்டும் இடத்தில் ஸ்குரூ டிரைவரால் குத்தினேன். அப்பளம் உடைவதுபோல் உள்ளே போய்விட்டது. பூச்சுக்கு அடியில் ஓட்டையை அடைத்த வெறும் பட்டிப் பசை. கால்மிதியைத் தூக்கித் தரையையும் பாருங்கள். டில்லியில் பெட்ரோல் வண்டிக்கு 15 ஆண்டு, டீசலுக்கு 10 ஆண்டு என்று கெடு வைத்த பிறகு அங்கிருந்து நிறைய இறங்குகிறது. சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுத்து ஆர்சி புத்தகத்தோடு ஒப்பிடாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

டீசல்மணி:
அப்பளம்! கேட்டீர்களா? 985 கிலோவில் பட்டி எத்தனை கிலோ?

கொடைக்காற்று:
உங்கள் மஹிந்திரா எம்எம்540 ஜீப் என்ன, துருவே பிடிக்காத வெண்கலப் பானையா? அந்த 2112 சிசி பியூஜோ இன்ஜின் மார்கழிக் காலையில் கிளம்புவதற்குள் தெருவே புகைமூட்டம். 2000க்குப் பிறகு வந்த, கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீச்சியடிக்கும் எம்பிஎஃப்ஐ ஜிப்ஸியில் 80 குதிரைத்திறன், சாவியைத் திருப்பினால் போதும்.

டீசல்மணி:
80 குதிரையும் 6000 சுற்றில்தான் லாயத்தை விட்டு வெளியே வரும். இழுவை 103 நியூட்டன் மீட்டர், அதுவும் 4500 சுற்றில். பாறைமேல் சக்கரத்தை வைத்துக்கொண்டு 4500 சுற்று அலறவிடுவது யார்? என் ஜீப் முதல் கியரில் காலை எடுத்தாலும் நடந்துபோகும்.

கொடைக்காற்று:
லோ கியர் என்று ஒரு நெம்புகோல் இருக்கிறது, இழுவையை 2.268 மடங்காக்கும். அதைத் தொட்டே பார்க்காதவர்தான் இப்படிப் பேசுவார். தூக்க வேண்டிய எடையே 985 கிலோ என்னும்போது இழுவை எதற்கு அவ்வளவு?

டீசல்மணி:
1020.

சட்டப்புள்ளி:
இருவருக்கும் ஒரு செய்தி. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது: மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. பம்பர், டயர் என்று அடுக்குகிறீர்களே, 15 ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது ஆய்வாளர் என்ன செய்வார்? மேலும் அது ஜிப்சி, ஜிப்ஸி அல்ல.

கொடைக்காற்று:
ஜிப்ஸிதான். மாருதி என்பதை மாருடி என்று எழுதுகிறவர் எனக்கு எழுத்துப்பிழை திருத்த வேண்டாம்.

சட்டப்புள்ளி:
அது ஒரே ஒருமுறை, கைபேசியில் நேர்ந்த பிழை. நீங்கள் எனக்கு விற்ற நான்கு டயரில் ஒன்றின் பக்கவாட்டில் வெட்டு இருந்ததே, அதுவும் கைபேசிப் பிழையா?

கொடைக்காற்று:
பார்த்துத்தானே வாங்கினீர்கள்? இரவு எட்டு மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தீர்கள்.

டீசல்மணி:
வெட்டு விழுந்த டயரையும் 985க்குள் சேர்த்தாரா என்று கேளுங்கள்.

புதுச்சாவி:
நாளை சேலத்தில் ஒரு 1997 ஜிப்ஸி பார்க்கப் போகிறேன். கார்புரேட்டர் இன்ஜின், 1300 சிசி. போகலாமா?

பட்டறைக்காரன்:
போங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போதே போய்ச் சேருங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

டீசல்மணி:
தம்பி, வழியில் எடை மேடை இருக்கும், ரசீதைப் படமெடுத்து இங்கே போடும்.

கொடைக்காற்று:
பெட்ரோல் இல்லாமல் எடை போட வேண்டும். 40 லிட்டர் டேங்கை நிரப்பிவிட்டு 985 வரவில்லை என்று கிளம்பிவிடுவார் இவர்.

டீசல்மணி:
ஆக, பெட்ரோலே இல்லாமல் மலையேறும் வண்டியா? நல்லது. மூன்றாவது முறையாகக் கேட்கிறேன்: உம்முடையது துணியா, தகரமா?