சுதந்திர வலயமா, தனிவிதி வலயமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நம் கலைச்சொற் குழுவின் சென்ற மடலில், 'free economic zone' என்பதற்குத் தமிழாக முன்மொழியப்பட்ட 'கட்டற்ற பொருளாதார மண்டலம்' என்ற சொல்லை ஏற்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. இலங்கையின் மலைநாட்டில், ஹற்றன் பகுதியில் உயர்தர வகுப்புக்குப் பொருளியல் கற்பிக்கிறேன். ஏற்றுமதித் தொழிற்சாலைகளுக்காகச் சலுகைகளோடு வேலியிட்டு ஒதுக்கப்பட்ட இத்தகைய பகுதிக்கு எங்கள் நாட்டில் 'சுதந்திர வர்த்தக வலயம்' என்பதே நெடுங்கால வழக்கு. தேயிலைத் தோட்டங்களில் சுருக்கமாகச் 'சோன்' (zone) என்பார்கள். அச்சொல்லை விளக்கிக்கொண்டிருந்தபோது, கொழும்புக்கு அருகே கட்டுநாயக்க வலயத்தில் தைப்பு வேலைக்குப் போயிருக்கும் தன் அக்காவை நினைத்து ஒரு மாணவி, "அங்க என்ன சுதந்திரம் சேர் இருக்கு?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி சொல்லின் பிழையையே தொட்டது.

அங்கே விடுவிக்கப்படுவது மனிதர் அல்லர், பண்டம். விமான நிலையத்துக் கடையைத் 'தீர்வையற்ற கடை' என்று சரியாகவே சொல்கிறோம். வெளிநாட்டுத் துணியும் பொறியும் சுங்கத் தீர்வையின்றி வலயத்துக்குள் வந்து, ஆடையாகி, மீண்டும் கப்பலேறுவதும் அதே பொருளில்தான். அவ்வாறாயின் 'தீர்வையற்ற வலயம்' போதாதா என்றால், போதாது. அயர்லாந்தின் ஷானன் வலயம் 1959 இல் தொடங்கியபோது தீர்வை விலக்கு முதன்மையாக இருந்தது உண்மை. ஆனால் 1980 இல் சீனா ஷென்ஜென் வலயத்தைத் திறந்தபோது, நாட்டின் பிற பகுதிகளில் அதிகம் இடமில்லாத அந்நிய மூலதனத்துக்கு அங்கே இடம் கிடைத்ததும், ஹொங்கொங் எல்லை அருகிலிருந்ததுமே பெரிய ஈர்ப்பாயின. 1978 இல் தொடங்கிய கட்டுநாயக்கவுக்கோ வரிவிலக்குக் காலம், பக்கத்திலேயே விமான நிலையம், நீரும் மின்சாரமும் தயாராக இருந்த காணி, அனுமதிகளை ஓரிடத்தில் வழங்கிய பாரிய கொழும்புப் பொருளாதார ஆணைக்குழு ஆகிய அனைத்தும் சேர்ந்தே முதலீட்டாளரை அழைத்து வந்தன. கிழக்காசிய ஆடை நிறுவனங்கள் பல, தம் நாட்டு ஏற்றுமதிக் கோட்டா (இறக்குமதி நாடுகள் ஒவ்வொரு நாட்டுக்கும் விதித்திருந்த ஆடை அளவு வரம்பு) நிரம்பிவிட்டதால், இலங்கையின் கோட்டாவை நாடி வந்தன என்பதையும் மறக்கக் கூடாது.

இவற்றுள் எல்லா வலயங்களுக்கும் பொதுவானது ஒன்றே: வேலிக்கு உள்ளே ஒரு விதி, வெளியே இன்னொரு விதி. ஆகவே 'தனிவிதிப் பொருளாதார வலயம்', சுருக்கமாகத் 'தனிவிதி வலயம்' என்று முன்மொழிகிறேன்.

'தனிச்சட்ட வலயம்' என்று நான் சொல்லாததற்குக் காரணம் உண்டு. மேற்சொன்ன ஆணைக்குழுவின் வழிவந்த இலங்கை முதலீட்டுச் சபையின் சட்டத்தில், 17ஆம் பிரிவின் கீழ், வருமான வரி, சுங்கம், அந்நியச் செலாவணி போன்ற குறித்த சில சட்டங்களிலிருந்து மட்டுமே விலக்களிக்க இடம் தரப்பட்டது. தொழிற்சட்டங்கள் வலயத்துக்குள்ளும் செல்லும். 'சுதந்திர', 'கட்டற்ற' என்ற அடைகள் இந்த உண்மையை மறைத்துவிடுகின்றன. வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள், அங்கே எந்தச் சட்டமும் செல்லாது என்று எண்ணிக்கொள்ள ஒரு கலைச்சொல் காரணமாகிவிடக் கூடாது.

'விதி' என்றால் தலைவிதி நினைவுக்கு வருமே என்று சிலர் கேட்கலாம். 'வீதி விதிகள்', அரச ஊழியருக்கான 'தாபன விதிக்கோவை' என்று அன்றாடம் புழங்குவோருக்கு அந்த மயக்கம் நேராது. 'சுதந்திர' என்று சொல்லாவிட்டால் வழங்குமா என்றால், மலைநாட்டிலேயே, பல்லேகலையில் முதலீட்டுச் சபை நடத்தும் வலயம் கைத்தொழிற் பேட்டை என்றே அறியப்படுகிறது. 'சுதந்திர' என்ற அடையில்லாமலே அது இயங்குகிறது.

வலயமா மண்டலமா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. வலயக் கல்விப் பணிமனையை அறிந்த எங்களுக்கு வலயம் இயல்பு. தமிழ்நாட்டு நண்பர்கள் 'தனிவிதி மண்டலம்' என்று எழுதினாலும் பொருள் சிதையாது. அடைமொழியை மட்டும் பொதுவாக வைத்துக்கொள்ளலாமா என்று உறுப்பினர்கள் கருத்துரைக்க வேண்டுகிறேன்.