ஸ்பாட்டிஃபை ஏபிஐ: 437 பாட்டில் 100 மட்டும்தான் வருகிறது

கேள்வி:
வணக்கம். அப்பா ஸ்பாட்டிஃபை பாட்டுச் செயலியில் பல வருடமாகச் சேர்த்து வைத்த பிளேலிஸ்ட், மொத்தம் 437 பாட்டு. எந்தப் பாட்டை எந்தத் தேதியில் சேர்த்தார் என்பதோடு எக்செல்லில் போட்டு அவருக்குக் கொடுக்க ஆசை. அவர் கணக்கில் லாகின் செய்து டோக்கன் (அனுமதிச் சாவி) வாங்கிவிட்டேன். ஏபிஐ வழியாக, அதாவது நிரல் நேரடியாக ஸ்பாட்டிஃபையிடம் தகவல் கேட்கும் வழியில், பட்டியலை எடுக்கப் பைத்தானில்தான் எழுதுகிறேன். பிழை ஏதும் வரவில்லை, ஆனால் நூறாவது பாட்டோடு நின்றுவிடுகிறது. லிமிட்டை (ஒரு தடவைக்கு எத்தனை பாட்டு என்பதை) 500 ஆக்கினால், கோரிக்கை தவறு என்னும் 400-ஆம் எண் பிழை வருகிறது. எங்கே தப்பு?

பதில் 1:
ஒரு தடவைக்கு 100-க்கு மேல் தராது. பதிலாக வந்த ஜேசானை (தகவல் வரும் உரை வடிவம்) முழுசாகப் பிரின்ட் செய்து பாருங்கள். பாட்டெல்லாம் ஐட்டம்ஸ் உள்ளே இருக்கும். பக்கத்திலேயே டோட்டல் 437 என்றும், நெக்ஸ்ட் என்பதில் அடுத்த பக்கத்தின் முகவரியும் இருக்கும். வைல் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் கட்டளை) போட்டு அந்த முகவரியையே கூப்பிட்டுக்கொண்டே போங்கள், அது நல் (வெறுமை) ஆனதும் நிறுத்துங்கள். ஆஃப்செட்டை (எத்தனையாவது பாட்டிலிருந்து என்ற எண்ணை) நீங்களாகக் கூட்ட வேண்டியதில்லை. ஐந்தாவது தடவையில் 37 வரும்.

கேட்டவர்:
நன்றி அண்ணா, ஓடியது! ஆனால் 238-வது பாட்டில் டைப் எரர் என்ற பிழை. டிராக் (பாட்டின் விவரம்) இருக்க வேண்டிய இடம் காலி. ட்ரை-எக்செப்ட் (பிழை வந்தாலும் நிற்காமல் போக வைக்கும் கட்டளை) போட்டுத் தாண்டினேன், 434 வந்தது. போதுமா?

பதில் 2:
போதாது, அந்த மூன்றையும் விட்டுவிடாதீர்கள். இப்போது கிடைக்காத பாட்டுக்கு டிராக் காலியாக வருவதுண்டு. ஆனால் சேர்த்த தேதி டிராக்குக்கு வெளியே, அதே ஐட்டத்தில் தனியாக இருக்கும். ட்ரை-எக்செப்ட்டை எடுத்துவிடுங்கள், அது வேறு பிழைகளையும் சேர்த்து மறைத்துவிடும். டிராக் காலியா என்று ஒரு இஃப் போட்டு, வரிசை எண்ணையும் தேதியையும் எழுதி, பெயரை மட்டும் வெறுமையாக விடுங்கள். முன்னும் பின்னும் இருக்கும் பாட்டைப் பார்த்தால் அப்பாவுக்கே ஞாபகம் வரலாம். கடைசியில் வரிகளை எண்ணி டோட்டலோடு ஒத்துப்பாருங்கள். அப்புறம் இன்னொன்று: எக்செல்லில் திறக்கும் சிஎஸ்வி கோப்பை எழுதும்போது என்கோடிங் (எழுத்துகளைச் சேமிக்கும் முறை) யுடிஎஃப்-8-சிக் (utf-8-sig) என்று கொடுங்கள். இல்லையென்றால் எக்செல்லில் தமிழ்ப் பெயர்கள் கிறுக்கலாகத் தெரியும்.

கேட்டவர்:
437 வரி, சரியாக இருக்கிறது. தமிழும் ஒழுங்காகத் தெரிகிறது. காலியான மூன்றில் இரண்டை அப்பா பார்த்தவுடனே சொல்லிவிட்டார். மூன்றாவதன் மெட்டை முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறார், முதல் வரிதான் இன்னும் வரவில்லை.