போன்கிட்ட மட்டும் அம்மா வேற பேர் சொல்றாங்க, ஏன்?

மாந்தோப்பு: காவேரிப்பட்டணம் பக்கம் எங்களுக்கு கொஞ்சம் மாந்தோப்பு இருக்கு. போன்ல பேசியே ரேட்டு கேக்க அம்மாவுக்கு சொல்லிக் குடுத்தேன். பெங்களூராங்கற மாம்பழ ரகத்துக்கு "பெங்களூரா என்ன வெல"ன்னு கேட்டா அது பெங்களூர்ல மழை வருமான்னு சொல்லிட்டு இருந்துச்சு, அப்புறம் ஒருநாள் அதுவே அதே பழத்துக்கு தோத்தாபுரின்னு ஒரு பேர் சொல்லுச்சு, அதுலருந்து போன்கிட்ட தோத்தாபுரி, மண்டில பழையபடி பெங்களூராதான். எங்கப்பா சொல்லியே ஒரு வார்த்தைய மாத்திக்காத ஆளுங்க அம்மா! எல்லாரும் இப்படித்தானா?

தகடூரான்: எல்லாரும்தான்ண்ணா. 2011ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு. படத்த பாத்து பேர் சொல்ற வெளாட்டு. எதிர்ல ஆடுறது மனுஷன்னு சிலபேர்கிட்டயும் கம்ப்யூட்டர்னு சிலபேர்கிட்டயும் சொல்லிட்டாங்க, நெசத்துல ரெண்டு பக்கமும் ஒரே புரோகிராம்தான். அவ்வளவா யாரும் சொல்லாத பேர அது சொன்னா, கம்ப்யூட்டர்னு நம்புனவங்கதான் அதே பேர ஜாஸ்தி திருப்பி சொல்லிருக்காங்க. அதுவும் பழைய டப்பா மாடல்னு நெனச்சா இன்னும் ஜாஸ்தி. இதுக்கு வேற சொன்னா புரியாதுங்கற எண்ணம்தான் காரணம்.

ஓசூர்வாசி: புரியாதுங்கறது மட்டும்தான் காரணம்னு நான் ஒத்துக்க மாட்டேன். எங்கூர்ல தமிழ் தெலுங்கு கன்னடம் மூணும் ஓடும், கடைக்காரருக்கு தமிழ் நல்லா தெரிஞ்சாலும் அவர் தெலுங்குல ஆரம்பிச்சா நானும் தெலுங்குதான், அது ஒரு ஒட்டுதல். மெஷின்கிட்ட அந்த ஒட்டுதல் ஏது, வேலை ஆனா போதும். கஸ்டமர் கேர் குரல் "ஆம் என்று சொல்லவும்"ங்கும். பொறந்ததுலருந்து ஆமான்னுதான் சொல்லிருக்கேன், அதுகிட்ட மட்டும் ஆம்!

மாந்தோப்பு: ஹாஹா. இன்னொன்னு, நீலம் வெல கேட்டா கலர் காட்டுதுங்க. அதனால இப்ப "நீ...லம்... மாம்...பழம்"னு பிச்சு பிச்சு கத்துறாங்க.

தகடூரான்: அத மட்டும் நிறுத்த சொல்லுங்கண்ணா. இந்த சாப்ட்வேர்லாம் ஜனங்க சாதாரணமா பேசுன பேச்ச வச்சு பழக்குனது, இழுத்து கத்துனா அதுக்கு இன்னும் கொழப்பம்தான். பேர மாத்துறது உதவும், குரல மாத்தறது பெரும்பாலும் உதவாது.

மாந்தோப்பு: சொல்லிட்டேனே. "அதுக்கு காது மந்தம்டா, நீ சும்மா இரு"ங்கறாங்க.